ஜீப்புக்கு வேறு எஞ்சின் போடக் கொடுப்பவர்கள் கவனிக்கவும்

அப்பா 1988-ல் வாங்கிய மஹிந்திரா எம்.எம்.540 ஜீப் எங்களுடையது. பியூஜோ டீசல் எஞ்சின், 2112 சி.சி. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புக் காட்டுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் போய் வந்த வண்டி. புகை அதிகமானதும் புதுச்சேரியில் ஒரு பட்டறையில் விட்டேன்.

"இதோட சிலிண்டரைக் கடைஞ்சு ரீபோர் பண்ணி என்ன பிரயோஜனம் தம்பி? டொயோட்டா 2சி எஞ்சின் போட்டா பஞ்சு மாதிரி ஓடும்" என்றார் மெக்கானிக். 1,60,000 ரூபாய் பேசினோம். ஆர்.சி. என்ன ஆகும் என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம்" என்றார். நம்பிவிட்டேன்.

மூன்றே வாரம். கிருமாம்பாக்கம் தாண்டும்போது அடியில் கடகடவென்று சத்தம், கியர் விழவில்லை. கடலூருக்கு இழுத்து வந்து, செம்மண்டலத்தில் தெரிந்த லேத்காரரிடம் கழற்றிக் காட்டினேன். டொயோட்டா எஞ்சின் ஜீப் கியர்பாக்ஸோடு நேராகச் சேராது. நடுவில் ஒரு பிளேட் வேண்டும். கிராங்க் மையமும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் மையமும் ஒரே கோட்டில் வரும்படி அதை லேத்தில் கடைந்திருக்க வேண்டும். புதுச்சேரி பட்டறைக்காரர்கள் அதை கேஸ் கட்டரில் வெட்டி, போல்ட் ஓட்டைகளை அரத்தால் ராவி ஒப்பேற்றியிருக்கிறார்கள். பேரிங் தூள், கிளட்ச் பிளேட் கருகிப்போயிருந்தது. அதைவிட மோசம், எஞ்சின் நம்பர் இருக்கும் இடம் கிரைண்டரில் தேய்க்கப்பட்டிருந்தது. வாங்கிய பில்லும் கிடையாது.

சரி, பழைய எஞ்சினையாவது கொடுங்கள் என்று போனால், "அது இரும்புக் கடைக்குப் போயிடுச்சே" என்கிறார்! என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பணம் போனதைவிட இதுதான் ஆறவில்லை.

ஆர்.சி. புதுப்பிக்கப் போனபோது அதன் முழு அர்த்தமும் புரிந்தது. ஆர்.சி.யில் இருக்கும் எஞ்சின் நம்பர் இன்று எங்குமே இல்லை. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. மீறினால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. மாட்டுவது வண்டிக்காரர்தான், அபராதம் கட்ட மெக்கானிக் வரமாட்டார்.

வேலைக்கு விடும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். வண்டியில் ஏறப்போகும் எஞ்சினின் நம்பரையும் பில்லையும் கண்ணால் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள். கழற்றிய எஞ்சினை அன்றைக்கே வீட்டுக்கு ஏற்றி வந்துவிடுங்கள்.

ஜீப் இப்போது வாசலில் தார்ப்பாய் போட்டு நிற்கிறது. கடலூர், பண்ருட்டிப் பக்கம் பில்லோடு அதே பியூஜோ எஞ்சின் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், அனுமதி வாங்கிவிட்டு வந்து எடுத்துக்கொள்கிறேன்.