அரை மணி நேரத்தில் முடிந்த பழுதுநீக்கம்: ஃபோக்ஸ்வாகன் டீசல் திருத்தம், ஒரு மதிப்பீடு

வாடிக்கையாளரிடம் பணம் எதுவும் கேட்காமல், நேரத்தையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் முடிந்துவிடும் ஒரு சேவையைக் குறை கூறுவது எளிதன்று. ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 2016 முதல் ஐரோப்பாவில் ஈஏ189 வகை டீசல் இயந்திரம் கொண்ட தன் கார்களுக்குச் செய்துகொடுத்த இலவசத் திருத்தம் அத்தகையது. ஆய்வுக்கூடச் சோதனை நடப்பதை அடையாளம் கண்டு அப்போது மட்டும் நைட்ரஜன் ஆக்சைடுகள் என்னும் மாசு வாயுக்களை அடக்கி, சாலைக்கு வந்ததும் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடும் மென்பொருள் உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்களில் இருந்தது 2015 செப்டம்பரில் வெளிப்பட்டது. அவற்றுள் ஏறத்தாழ 85 லட்சம் கார்கள் ஐரோப்பாவில் ஓடின. சேவை என்ற அளவில் அந்தத் திருத்தம் வசதியானது. பழுதுநீக்கம் என்ற அளவில் அரைகுறையானது என்பதே என் கணிப்பு.

பணிமனையில் நடந்தது மிகக் கொஞ்சம். 1.2 லிட்டர், 2.0 லிட்டர் இயந்திரங்களுக்கு மென்பொருளை மாற்றுவதோடு வேலை முடிந்தது. அதற்குச் சுமார் அரை மணி நேரம். 1.6 லிட்டர் இயந்திரத்துக்கு மட்டும், உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சாருக்கு முன்னால் வலை பொருத்திய சிறு பிளாஸ்டிக் குழாய் ஒன்று கூடுதலாகச் செருகப்பட்டது. காற்றின் சுழிப்பு அடங்கினால் அளவீடு துல்லியமாகும் என்பதே அதன் நோக்கம். இதற்கும் ஒரு மணி நேரத்துக்குள்தான் ஆகும் என்று நிறுவனம் அறிவித்தது. ஜெர்மனியின் மோட்டார் வாகன ஆணையமான கேபிஏ ஒப்புதல் அளித்திருந்ததால், உரிமையாளர்களுக்கு ஐயப்பட உடனடிக் காரணம் இருக்கவில்லை.

ஆனால், டீசல் இயந்திரத்தில் ஒரு மாசைக் குறைத்தால் மற்றொன்று கூடும். எரிகலனின் வெப்பம் உயர உயர நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகும். வெளியேறும் புகையின் ஒரு பகுதியை ஈஜிஆர் வால்வு வழியாகத் திரும்ப உள்ளே அனுப்பினால் ஆக்சிஜனும் வெப்பமும் குறைந்து அவை அடங்கும், ஆனால் கரி மிகும். பழைய மென்பொருளில் சோதனைக்கு ஒரு முறையும் சாலைக்கு வேறொரு முறையும் இருந்தன. புதிய மென்பொருள் சோதனை முறையையே சாலைக்கும் கொண்டுவந்தது. திருத்தத்துக்குப் பின் வண்டி திணறுகிறது, ஈஜிஆர் வால்வு அடைத்துக்கொள்கிறது என்று பிரிட்டனில் பல உரிமையாளர்கள் புகார் கூறினார்கள். தன் திருத்தம் அதற்குக் காரணமன்று என்று மறுத்த நிறுவனம், திருத்தம் முடிந்த 24 மாதங்களுக்குள், 2,50,000 கிலோமீட்டரைத் தாண்டாத வண்டிகளில், புகைக் கட்டுப்பாடு சார்ந்த குறிப்பிட்ட பாகங்கள் பழுதானால் நல்லெண்ண அடிப்படையில் கவனிப்பதாக அறிவித்தது. முறையான வாரண்டி இருக்க வேண்டிய இடத்தில் நல்லெண்ணம் மட்டும் இருந்தது எனக்கு நிறைவளிக்கவில்லை.

இதைவிடப் பெரிய குறை நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. புதிய மென்பொருள், வெளிவெப்பம் 15 முதல் 33 பாகை செல்சியஸுக்குள் இருக்கும்போதும், 1,000 மீட்டருக்குக் கீழான உயரத்திலும் மட்டுமே புகையைத் திருப்பி அனுப்பும் ஏற்பாட்டை முழுமையாக இயக்கியது. கொடைக்கானலும் உதகையும் 2,000 மீட்டருக்கு மேலே இருப்பதை எண்ணினால், இந்த உயர எல்லை எவ்வளவு தாழ்வானது என்பது நமக்குப் புரியும். ஆஸ்திரியாவிலோ ஆண்டின் பல மாதங்களில் சராசரி வெப்பம் 15 பாகையை எட்டுவதில்லை. அந்நாட்டு நீதிமன்றங்கள் அனுப்பிய வழக்குகளில், இத்தகைய வெப்ப வரம்பும் ஏமாற்றுக் கருவியே என்றும், ஆண்டின் பெரும்பகுதியில் கட்டுப்பாட்டைக் குறைக்கும் ஏற்பாட்டை இயந்திரப் பாதுகாப்பின் பெயரால் நியாயப்படுத்த முடியாது என்றும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022 ஜூலை 14 அன்று தீர்ப்பளித்தது. 2023 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஷ்லெஸ்விக் நிர்வாக நீதிமன்றம், கோல்ஃப் பிளஸ் கார்களின் இந்த மென்பொருளுக்குக் கேபிஏ கொடுத்த ஒப்புதலே சட்டவிரோதமானது என்றது. பழுதை நீக்க வந்த மென்பொருளே பழுதாகத் தீர்ப்பான கதை இது.

வேறு விதமாகச் செய்ய முடியாதா என்றால், அதே நிறுவனம் அமெரிக்காவில் செய்தது. 2016 அக்டோபரில் நீதிபதி சார்லஸ் பிரையர் ஏற்ற உடன்பாட்டின்படி, 2.0 லிட்டர் கார் உரிமையாளர்கள் வண்டியை நிறுவனத்திடமே திரும்ப விற்கலாம், அல்லது திருத்திக்கொள்ளலாம். எதைத் தேர்ந்தாலும் இழப்பீடு உண்டு. 2015 மாடல் கார்களுக்கு முதற்கட்டத்தில் மென்பொருள் மட்டும் மாறியது. இரண்டாம் கட்டத்தில் கரி வடிகட்டியும் வினையூக்கிகளும் புதிதாகப் பொருத்தப்பட்டன, நீண்டகால வாரண்டியும் கிடைத்தது. பழைய மாடல்களைத் திருத்திய பின்னும் அவை முதலில் சான்று பெற்ற வரம்புக்குள் முழுமையாக வரவில்லை என்பதை ஒழுங்குமுறை அமைப்புகள் மறைக்கவில்லை. கோரிக்கையை முடித்தவர்களில் 86 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் வண்டியைத் திருப்பிக் கொடுத்தே விலகினார்கள். திரும்ப வாங்கிய கார்கள் மிச்சிகனில் கைவிடப்பட்ட சில்வர்டோம் விளையாட்டரங்கைச் சுற்றி வரிசையாக நின்றன.

ஜெர்மனியில் மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது. யூரியாக் கரைசலைப் புகையில் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சிதைக்கும் கருவியைப் பழைய கார்களில் பொருத்தி, 2018இல் ஏடிஏசி வாகன ஓட்டுநர் சங்கம் சோதித்தபோது, நகர ஓட்டத்தில் பாதிக்கும் மேல் குறைவு காணப்பட்டது. செலவு ஆயிரக்கணக்கான யூரோ. எரிபொருளும் சற்றே கூடுதலாகச் செலவாகும். தொழில்நுட்பம் கையில் இருந்தது, செலவை யார் ஏற்பது என்ற வழக்குதான் நீண்டது.

இந்தியாவில் 2015 டிசம்பரில் 3,23,700 கார்களைத் திரும்ப அழைப்பதாக நிறுவனம் அறிவித்தது; ஃபோக்ஸ்வாகனோடு ஸ்கோடாவும் ஆடியும் அதில் அடக்கம். இந்தியாவின் பிஎஸ்-4 புகை விதிகளை மீறவில்லை, தானாக முன்வந்தே செய்கிறோம் என்பது அதன் நிலை. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதை வசூலிக்கும் கட்டாய நடவடிக்கைக்கு உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் தடை விதித்தது. அக்காலத்து போலோ, வென்டோ, ரேபிட் டீசல் கார்களைப் பழைய வண்டிச் சந்தையில் பார்ப்பவர்கள், திருத்தம் செய்யப்பட்டதா என்பதைச் சேசிஸ் எண்ணைக் கொடுத்து டீலரிடம் கேட்டறிவதோடு நிற்காமல், ஈஜிஆர் வால்வும் அதன் கூலரும் எப்போது மாற்றப்பட்டன என்பதையும் சர்வீஸ் பதிவேட்டில் பார்த்துவிட்டு விலை பேசுவது நல்லது.