எச்சில் பட்ட நூலும் இரண்டு மாடல்களும்

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்த எங்கள் தாத்தா, பம்பாய் பரேலில் ஒரு பருத்தி மில்லில் நூல் நூற்கும் ரிங் டிபார்ட்மென்டில் வேலை பார்த்தார். துணி நெய்யும் தறியில் கூலி கூடுதல். ஆனால் தலித்துகளுக்கு அங்கே இடமில்லை. அன்றைய தறியில் நூல் அறுந்தாலோ, தார் (நூல் சுற்றிய குழல்) தீர்ந்தாலோ இழையை வாயில் வைத்தாக வேண்டும். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டைதான் நாடா; ஒருவர் வாய் வைத்த நாடாவில் அடுத்த ஷிப்ட்காரரும் வாய் வைப்பார். அங்கே எச்சில் குறுக்கே வந்தது. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இந்த விலக்கைக் கேள்வி கேட்டார்.

இதற்குப் பொருளாதாரத்தில் இரண்டு விளக்கங்களை, அதாவது மாடல்களைப் பொருத்திப் பார்க்கலாம்.

முதலாவது கேரி பெக்கர், 1957. பாகுபாடு பார்க்கும் முதலாளிக்குச் செலவு கூடும், போட்டியில் அவர் பின்தங்குவார் என்பது அவர் கணக்கு. 1920களில் ஜப்பான் துணி பம்பாய் மில்களின் கழுத்தை நெரித்தது. முதலாளிகள் பைசா பைசாவாகக் கணக்குப் பார்த்தார்கள். விலக்கு அசையவில்லை. சக தொழிலாளிதான் ஒதுக்குகிறான் என்றால் பெக்கரிடம் அதற்கும் பதில் உண்டு: தனித்தனியாக வேலை செய்வார்கள், கூலி ஒன்றாகிவிடும். அப்படியானால் தலித்துகளே தறி ஓட்டும் மில் ஒன்று முளைத்திருக்க வேண்டுமே? தறிக்குள் விடாதவனுக்கு நெசவை யார் கற்றுத் தருவது? ஆள் எடுத்ததும் முதலாளி இல்லை, ஜாபர் என்கிற மேஸ்திரி. பெக்கரின் கணக்கில் ஜாபருக்கு இடமே இல்லை.

இரண்டாவது ஜார்ஜ் அகெர்லாஃப், 1976. வழக்கத்தை மீறுகிறவனையும் சேர்த்து ஒதுக்குவார்கள் என்ற பயம் இருந்தால் போதும், நம்பிக்கை இல்லாதவனும் அடங்கிப் போவான், போட்டியால் ஒன்றும் கரையாது என்கிறார். ஜாபர் குடியிருப்பது சாலில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். பெண்ணைக் கட்டிக்கொடுப்பது சாதிக்குள். என் ஓட்டு அகெர்லாஃபுக்குத்தான், பாதி ஓட்டு. வழக்கம் ஏன் நிலைத்தது என்று அவர் சொல்வார். ரிங்கில் இல்லாத தடை தறியில் ஏன் என்று கேட்டால் மாடலில் விடை கிடையாது. அதற்கு எச்சில் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும்.

தாத்தா ஒருமுறை ஜாபரிடம் தறி கேட்டாராம். "எனக்கு ஒண்ணுமில்லப்பா, மத்தவன் ஒத்துக்கணுமே" என்றாராம் அவர். அச்சு அசல் அகெர்லாஃப்.

அதே ஜாபர் தாத்தாவிடம் பீடி வாங்கிக் குடிப்பாராம். பற்றவைக்காத பீடி மட்டும்.