பள்ளிக்கூடமா, கச்சேரியா, அகழ்வுக் கிடங்கா?

கம்பஸில் வரலாறு எடுத்த பிள்ளையிடம் ஊர் கேட்பது ஒரே கேள்விதான்: "அப்ப, ரீச்சராய்த்தானே வரப்போறாய்?" வரலாம், தப்பில்லை. ஆனால் மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் தலையாட்டக் கூடாது என்பது என் கட்சி.

ஆசிரியத் தொழிலின் பலம் தெரிந்ததே. சாதாரண தரம் வரை வரலாறு எல்லாப் பிள்ளைகளும் படித்து வந்த பாடம். அதனால் படிப்பிக்க ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். ஓய்வூதியம் உண்டு, பின்னேரம் ரியூசனும் உண்டு. வில்லங்கம் இரண்டு. முதல் நியமனம் வீட்டுக்குப் பக்கத்தில் கிடைப்பது அபூர்வம். நெடுந்தீவில் விழுந்தால் குறிகாட்டுவான் துறையில் வள்ளம் பார்த்து நிற்க வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. மற்றது காத்திருப்பு. நியமனம் வருடாவருடம் வராது, வரும்போது தொகையாக வரும். வேலையற்ற பட்டதாரிகள் 2017இல் யாழ். மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் மாதக்கணக்கில் போராட்டம் இருந்ததை மறக்க முடியாது.

'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேணும்' என்பவர்களுக்குக் கச்சேரிதான், அதாவது அரச அலுவலகம்தான், கண். இதில் இரண்டு வாசல்கள், இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள். அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனம் பட்டத்துக்காகக் கிடைப்பது. படித்த வரலாறு அந்த மேசையில் எதற்கும் உதவாமலே போகலாம். நிர்வாக சேவை வேறு. கடும் போட்டிப் பரீட்சை, வயதெல்லையும் உண்டு. தேறினால் ஒருநாள் பிரதேச செயலாளர் கதிரை வரை போகலாம். பந்தி பந்தியாக வாசித்துச் சாரம் எழுதிப் பழகிய வரலாற்று மாணவருக்கு அந்தப் பரீட்சை அந்நியமானதல்ல. பட்டம் கிடைத்த சூட்டோடு எழுத வேண்டும், பிள்ளைகுட்டி வந்த பிறகல்ல.

மனம் இழுப்பது தொல்லியல்தான். ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ். பல்கலைக்கழகக் குழு தோண்டியபோது ஈமக்குழியில் கிடைத்த சிறு முத்திரையில் மேலே குறியீடுகள், கீழே பிராமி எழுத்து. அப்படி ஒன்றைக் கையில் எடுப்போம் என்ற ஆசையில் வருகிறவர்கள் உண்டு. உண்மையான வேலை வேறு மாதிரி: வெயிலில் குந்தியிருந்து மண்ணைச் சுரண்டி, அரித்து, ஒவ்வொரு பானை ஓட்டையும் கழுவி இலக்கமிட்டு, எந்த ஆழத்தில் வந்தது என்று கொப்பியில் பதிவது. இது பிடித்தால்தான் பிழைக்கலாம். பதவிகள் குறைவு. தொல்லியல் திணைக்களத்தில் சேர்ந்தால் சிங்களம் இல்லாமல் கோப்பு நகராது, தெற்கே இடமாற்றமும் வரும். மேற்படிப்புக்கு ஆங்கிலம் வேண்டும்.

சுற்றுலா வழிகாட்டி என்றால் வீட்டில் முகம் சுளிப்பார்கள், கலியாணப் பேச்சிலும் எடுபடாது. ஆனாலும் 2019இல் பலாலிக்குச் சென்னை விமானம் வந்தது, 2023இல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது. 1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த யாழ்ப்பாணக் கோட்டையையும் நல்லூர் மந்திரிமனையையும் தமிழிலேயே ஒழுங்காக விளக்க ஆள் தேவை. அனுமதிப்பத்திரம் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையிடம் எடுக்க வேண்டும். வருமானம் சீசனோடு ஏறும், இறங்கும். முழுநேரமாக இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். சனி ஞாயிறு செய்யும் ஆசிரியருக்கு நல்லது.

ஆவணப் பணியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சேர்த்து வருகிறது. ஒல்லாந்தர் காலத் தோம்புகள், அதாவது காணிப் பதிவேடுகள், இன்னும் வாசிப்பாருக்காகக் கிடக்கின்றன. சம்பளம் பெரிதில்லை, ஆனால் வெளிநாட்டு ஆய்வுப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கும்போது இந்த அனுபவம் பேசும்.

என்னைக் கேட்டால், இரண்டாம் வருடத்திலேயே ஒரு அகழ்வில் கூலியில்லாமல் போய் நில்லுங்கள். இரண்டாம் நாளும் போக மனம் வந்தால் சிங்கள வகுப்பில் சேருங்கள். வராவிட்டால் நிர்வாக சேவையின் பழைய வினாத்தாள்களைத் தேடுங்கள். ஆசிரியர் விண்ணப்பத்தை மட்டும் எப்படியிருந்தாலும் போட்டுவையுங்கள்.