ஊட்டிக் குளிரில் சூடு வராத ஹீட்டர்

பொங்கல் முடிந்த மறுநாள் ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அப்பாவின் காரில் கிளம்பினோம். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம், கல்லாறு, பர்லியார், குன்னூர் என்று பழகிய பாதைதான். புதிதாக வந்திருப்பது இ-பாஸ். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குப் போக அது வேண்டும். அப்பாவின் போன் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்தோம், காசு கிடையாது, சில நிமிடங்களில் வந்துவிட்டது. சோதனைச் சாவடியில் பாஸைப் பார்த்தார்கள், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று கேட்டார்கள், அனுப்பிவிட்டார்கள். அதில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன்.

நான் எழுத வந்தது கார் ஹீட்டரைப் பற்றி.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஊட்டி எல்க்ஹில் முருகன் கோயிலுக்குப் போகலாம் என்று அத்தை சொல்லியிருந்தார். வெளியே வந்தால் கேரட் தோட்டம், புல், கார் கூரை எல்லாம் உப்பைத் தூவியதுபோல உறைபனி. அப்பாவுக்கு 76 வயது, குளிர்காற்று பட்டால் இழுப்பு வந்துவிடும். வண்டியை எடுத்ததும் குமிழைச் சிவப்புக் கோட்டின் கடைசிவரை திருப்பி ஃபேனைப் போட்டேன். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. வந்தது பச்சைக் குளிர்காற்று. மூன்று பேர் விடும் மூச்சில் முன்கண்ணாடி உள்பக்கம் மூடிக்கொண்டது, எதிரே வரும் வண்டியின் விளக்கு ஒரு மஞ்சள் கறையாகத்தான் தெரிந்தது. வேறு வழியில்லாமல் ஏசியைப் போட்டேன். ஏசி காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்துவிடும், அதனால் கண்ணாடி தெளிந்தது. ஆனால் பின்சீட்டில் அப்பா கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டு இருமத் தொடங்கிவிட்டார். நான் கனடாவின் வின்னிபெக்கில் 14 குளிர்காலம் பார்த்தவன். மைனஸ் 30 வரை போகும் ஊர் அது. அங்கே ஹீட்டர் வேலை செய்யாத காரில் வயதானவர்களை யாரும் ஏற்ற மாட்டார்கள். அப்பாவை இப்படிக் கூட்டி வந்துவிட்டோமே என்று அன்றைக்கு மனசு அடித்துக்கொண்டது.

கோயிலிலிருந்து இறங்கி, ஃபிங்கர்போஸ்ட் பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். அங்கே இருந்த மெக்கானிக்குக் கிட்டத்தட்ட ஐம்பத்தைந்து வயது இருக்கும். அப்பாவைப் பார்த்ததும் முதலில் ஸ்டூலை வெயிலில் போட்டு, "ஐயா, இங்க உக்காருங்க" என்றார். பிறகு என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு தூரம் ஓட்டுனீங்க தம்பி? அப்ப முள்ளு எங்க நின்னுச்சு?"

இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளை நான் கவனிக்கவே இல்லை. அவர் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார். கேத்தியிலிருந்து கோயில்வரை ஓடி வந்த வண்டி, பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடியும், முள் கால்வாசியைத் தாண்டவில்லை.

ஹீட்டர் என்று காரில் தனியாகச் சூடு உண்டாக்கும் பொருள் எதுவும் இல்லை. இன்ஜினின் சூட்டை இழுத்துக்கொண்டு சுற்றும் கூலண்ட் என்ற திரவமே, டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர் வழியாகவும் போய் வருகிறது. அதைத்தான் ஹீட்டர் காயில் என்கிறார்கள். அதன்மேல் ஃபேன் காற்றை அடிக்கிறது. ஆகவே சூடு வரவில்லை என்றால் கூலண்ட் குறைந்திருக்கலாம், கூலண்டே சூடாகாமல் இருக்கலாம், சூடானது காயிலுக்குள் போகாமல் இருக்கலாம், அல்லது காற்றைக் காயில் பக்கம் திருப்பிவிடும் தட்டு அசையாமல் இருக்கலாம். வின்னிபெக்கில் மெஷினைச் சொருகிப் பார்ப்பார்கள், ஒரு மணி நேரக் கூலியே 150 டாலர் வரும். இவர் கையை வைத்தே பார்த்தார்.

வண்டி நன்றாக ஆறும்வரை காத்திருந்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, மறுபடி ஸ்டார்ட் செய்தார். ரேடியேட்டருக்கு மேலே போகும் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் கையையும் பிடித்து அதில் வைத்தார். இன்ஜின் சூடேறும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தி வைப்பது தெர்மோஸ்டாட் வால்வு. அது சரியாக இருந்தால் அந்த ஹோஸ் வெகுநேரம் சில்லென்று இருக்கும். கூலண்ட் 80 டிகிரியைத் தாண்டி வால்வு திறக்கும்போதுதான் சட்டென்று சுடும். இங்கே ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே அது மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகிக்கொண்டு வந்தது.

"வால்வைக் கழட்டிப் போட்டிருக்காங்க தம்பி. கீழ ஊருல ஓவர் ஹீட்டுன்னு வண்டி வந்தா நிறைய பேரு இதைத்தான் செய்யுறாங்க."

அப்பா அப்போதுதான் சொன்னார். போன ஏப்ரலில் அவிநாசி ரோட்டில் வண்டி கொதித்து நின்றிருக்கிறது. கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டு 2,400 ரூபாய் கட்டியிருக்கிறார். 'கூலிங் சிஸ்டம் வேலை' என்று பில். அப்பா பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் கிலோமீட்டரை எழுதி வைக்கும் ஒரு நோட்டு காரிலேயே இருக்கும். எடுத்துப் பார்த்தோம். ஏப்ரலுக்கு முன் லிட்டருக்கு 17, அதற்குப் பின் 14, 14.5. வயதான வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று அவர் நினைத்திருக்கிறார். இன்ஜின் சூடேறாமல் இருந்தால் இன்னும் குளிராக இருப்பதாகவே நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒன்பது மாதமாக அந்தக் காசை அப்பா கட்டியிருக்கிறார்.

வால்வு இல்லை என்று தெரிந்ததும் மெக்கானிக் அதோடு நிற்கவில்லை. ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு அட்டையைச் சொருகினார். எனக்கு அது தெரிந்த வித்தைதான், கனடாவில் லாரிக்காரர்கள் குளிர்காலத்தில் முன்பக்கத்தை மூடித்தான் ஓட்டுவார்கள். காற்று படாமல் செய்து இன்ஜினைச் சூடேற்றி, காயிலுக்குப் போகும் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பார்த்தார். ஒன்று கை வைக்க முடியாத சூடு. இன்னொன்று அரைகுறை வெதுவெதுப்பு. இரண்டும் சுட்டிருந்தால் காயில் நன்றாக இருக்கிறது, தட்டில்தான் கோளாறு என்று அர்த்தமாம். ஒன்று சுட்டு ஒன்று ஆறிக் கிடந்தால் காயில் உள்ளே அடைத்திருக்கிறது.

வண்டி மறுபடி ஆறியதும் இரண்டு ஹோஸையும் கழற்றி, தண்ணீர்க் குழாயைக் கூலண்ட் திரும்பி வரும் பக்கத்தில் வைத்து எதிர்த்திசையில் மெதுவாகத் திறந்தார். முதலில் ஒன்றும் வரவில்லை. அப்புறம் கொழகொழவென்று செங்கல் நிறத்தில் ஒரு சேறு, அதோடு சுண்ணாம்புபோல வெள்ளைச் செதில்கள். உள்ளங்கையில் ஏந்தி அப்பாவிடம் காட்டினார். "போர் தண்ணியை ஊத்தியிருக்காங்க ஐயா. கூலண்ட்டுங்கறது குளிருக்கு மட்டும் இல்ல, உள்ள துருப்பிடிக்காம இருக்கவும்தான்." கால் மணி நேரம் கழித்துத்தான் தெளிந்த தண்ணீர் வந்தது. வெறும் தண்ணீர் உறைந்தால் அளவில் 9 சதவீதம் பெருக்கும். வின்னிபெக்கில் இது நடந்திருந்தால் இன்ஜினே விரிசல் விட்டிருக்கும்.

எங்கள் வண்டிக்கான வால்வு ஊட்டியில் கிடைக்கவில்லை. கோவைக் கடைக்குப் போன் செய்து பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னார். மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடம் நானே போய் வாங்கி வந்தேன். இந்த ஏற்பாட்டைப் போல நல்ல சேவையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எனக்கு ஒரு பயம் இருந்தது. வால்வைப் போட்டால் வண்டி பழையபடி கொதிக்காதா? கேட்டேன். ரேடியேட்டர் மூடியைத் திருப்பிக் காட்டினார். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து, ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. மூடி அழுத்தத்தைப் பிடித்தால்தான் உள்ளே இருப்பது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். பிடிக்காவிட்டால் ஆவியாகிக் குறைந்துகொண்டே போகும். கீழே கொதித்ததற்குக் காரணம் இந்த மூடியாகத்தான் இருக்கும் என்றார். கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் சட்டித் தண்ணீரே 93 டிகிரிக்குள் கொதித்துவிடும் என்பதால், மூடி விஷயத்தில் இந்த ஊர் மெக்கானிக்குகள் கறாராக இருக்கிறார்கள்.

புது வால்வு, புது மூடி, புதுக் கூலண்ட். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றுக் குமிழி போகும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். உள்ளே காற்று சிக்கி ஏர் லாக் ஆகிவிட்டால் செய்த வேலையெல்லாம் வீணாம். முள் நடுவில் வந்து நின்றது. ரேடியேட்டர் ஃபேன் தானாக இரண்டு முறை ஓடி நிற்கும்வரை சாவியைத் தரவில்லை. வால்வு 780, மூடி 250, கூலண்ட் 900, கூலி 1,200. மொத்தம் 3,130 ரூபாய். பழைய மூடியைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார்.

கோவைக்கு வந்ததும் அந்த மூடியை எடுத்துக்கொண்டு பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். சண்டை போடப் போகவில்லை. வால்வைக் கழற்றியதை அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன். "இந்த ஊருல யாருங்க சார் ஹீட்டர் போடுறாங்க?" என்றார் அங்கிருந்தவர். கோவைக்காரர்கள் வருஷத்துக்கு நாலு தரம் ஊட்டிக்குப் போகிறவர்கள், பெட்ரோல் காசு போனது ஒன்பது மாதம் என்று சொல்லி நோட்டைக் காட்டினேன். அவர் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை.

ஹீட்டர் தேவைப்படுகிறதோ இல்லையோ, ஊரில் பெற்றோர் கார் வைத்திருந்தால் அடுத்த முறை போகும்போது பானெட்டைத் திறந்து கூலண்டின் நிறத்தைப் பாருங்கள். பச்சையோ சிவப்போ இல்லாமல் தண்ணீராகவோ துருவாகவோ இருந்தால் உடனே விசாரியுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.

போன வாரம் அப்பா போனில் சொன்னார், லிட்டருக்கு 16.5 வருகிறதாம். நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் 'வால்வு உள்ளே இருக்கிறது, யார் கேட்டாலும் கழற்றக் கூடாது' என்று எழுதி வைத்திருக்கிறாராம்.