கேஷ்: பெட்டியா, காசா?

‘நம்ம காசுதான் கேஷ் ஆச்சு’ என்பவர்களுக்குப் பாதி மதிப்பெண். ஆங்கிலத்தில் ‘கேஷ்’ இரண்டு.

ஏடிஎம்மில் எடுக்கிற கேஷ் நம்முடையதல்ல. லத்தீன் ‘காப்ஸா’வில் தொடங்கி இத்தாலி, பிரான்ஸ் வழியாக வந்தது. பொருள், பெட்டி. முதலில் கல்லாப்பெட்டி, பிறகு அதிலிருந்த பணம்.

இன்னொன்று சில்லறை நாணயம். அது நம் காசேதான். போர்ச்சுக்கீசியர் வாயில் ‘காய்ஷா’ ஆகி, ஆங்கிலத்தில் ‘கேஷ்’ ஆனது. அவர்கள் மொழியில் காய்ஷா என்றாலும் பெட்டிதான், குழப்பத்துக்குக் கேட்பானேன்! சென்னையில் அன்று 80 காசு ஒரு பணம் (வெள்ளி நாணயம்), 42 பணம் ஒரு வராகன் (பொன் நாணயம்). 1808-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த செப்புக்காசில் ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமன் எண்ணில் ‘20 கேஷ்’. அவற்றை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809-இல் இங்கிலாந்துக் கரையோரமே மூழ்கிப்போனது. சீனாவின் ஓட்டைக்காசுக்கும் ஆங்கிலேயர் வைத்த பெயர் ‘கேஷ்’தான்.