சுகாதார ஆய்வுக்கு அரசு நிதி: ஐசிஎம்ஆரா, ஏஎன்ஆர்எஃபா, டிபிடியா?

மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவத் துறையில் பணிபுரிகிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து, எங்கள் கல்லூரி பார்த்துக்கொள்ளும் கிராமங்களில் ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் குடும்பத்தோடு வெளியூர் கிளம்பிவிடுகிறவர்கள் அந்த மாதங்களில் மாத்திரைக்கு என்ன செய்கிறார்கள்? திரும்பி வரும்போது அவர்களுடைய அழுத்தம் எவ்வளவு இருக்கிறது? இதைத் தெரிந்துகொள்ள 600 பேரைப் பதினெட்டு மாதம் விடாமல் பார்க்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். 2024இல் எங்கே விண்ணப்பிப்பது என்று இரண்டு மாதம் யோசித்துக் கடைசியில் ஐசிஎம்ஆர் எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு அனுப்பினேன். நிதி கிடைத்தது. இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிறோம். இதே யோசனையில் இருக்கிற மருத்துவ ஆசிரியர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஐசிஎம்ஆர் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐசிஎம்ஆர் சுகாதார அமைச்சகத்தின் கீழ் உள்ள சுகாதார ஆராய்ச்சித் துறையைச் சேர்ந்தது. 1911இல் வேறொரு பெயரில் தொடங்கி, 1949இல் இன்றைய பெயருக்கு வந்தது. டிபிடி எனப்படும் உயிரித் தொழில்நுட்பத் துறை அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகத்தில் இருக்கிறது, 1986இல் தொடங்கியது. ஏஎன்ஆர்எஃப் எனப்படும் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை புதியது. 2023இல் சட்டம் வந்து, செர்ப் எனப்பட்ட பழைய அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் அதற்குள் போய்விட்டது. 2023 முதல் 2028 வரை 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள், அதில் பெரும்பகுதி தனியாரிடமிருந்து வர வேண்டியது. கணிதத்திலிருந்து கடலியல் வரை எல்லாமே அதன் எல்லைக்குள் வரும். மூன்றுக்கும் விண்ணப்பம் இணையத்தில்தான். எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல், கல்லூரி முதல்வரின் ஒப்புதல் கடிதம், பட்ஜெட், மூன்று ஆண்டுக்கான கால அட்டவணை என்று கேட்கிற தாள்களும் கிட்டத்தட்ட ஒன்றேதான்.

தொகையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். நான் விண்ணப்பித்தபோது ஐசிஎம்ஆரின் சிறு மானியமே 2 கோடி ரூபாய் வரை, மூன்று ஆண்டுக்கு. அதற்கு மேல் 8 கோடி வரை இடைநிலை மானியம் என்று தனியாக இருந்தது. நாங்கள் கேட்டது 78 லட்சம். ஒரு மருத்துவக் கல்லூரித் துறை ஒழுங்காகச் செலவழித்துக் கணக்குக் காட்டக்கூடிய தொகை எவ்வளவோ அதுதான் சரியான தொகை. 2 கோடி கிடைக்கிறதே என்று அதற்கேற்ப ஆய்வை ஊதிப் பெருக்கினால், அந்தக் கேள்விக்கு இவ்வளவு எதற்கு என்று மதிப்பீட்டாளர் கேட்பார். அவர் கேட்பதில் நியாயமும் இருக்கும்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது வேறு விஷயம். யாருக்குச் சம்பளம் கொடுக்கிறோம், அது எந்த மாதம் நிற்கும் என்பதுதான் அது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு சிறிய நிதியில் ஓர் ஆய்வு செய்தோம். 240 சர்க்கரை நோயாளிகளின் கால் புண்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிற வேலை. இரண்டு பேரை நியமித்திருந்தோம், ஒருவர் நர்சிங் முடித்தவர், இன்னொருவர் சமூகப் பணியில் முதுகலை படித்தவர். முதல் தவணை தீர்ந்தது. அடுத்த தவணை வர வேண்டுமென்றால் செலவுக் கணக்கும் யூசியும் போக வேண்டும். யூசி என்று நாம் சொல்லும் பயன்பாட்டுச் சான்றிதழில் முதன்மை ஆய்வாளர், நிதி அலுவலர், நிறுவனத் தலைவர் மூவரும் கையெழுத்திட வேண்டும். தணிக்கை செய்த கணக்கும் சேர்ந்து போக வேண்டும். எங்கள் கல்லூரிக் கணக்குப் பிரிவில் அந்தக் கோப்பு பதினோரு வாரம் கிடந்தது. வட்டித் தொகையைத் தனியாகக் காட்டவில்லை என்று ஒருமுறையும், கணினி வாங்கிய பில்லில் இருந்த தலைப்பு பட்ஜெட் தலைப்போடு பொருந்தவில்லை என்று இன்னொருமுறையும் திரும்பி வந்தது. நானும் அப்போது இதையெல்லாம் முன்கூட்டியே பார்த்து வைக்கவில்லை.

அந்தப் பதினோரு வாரத்தில் நர்ஸ் வேறு வேலைக்குப் போய்விட்டார். மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் இருங்கள் என்று வீட்டு வாடகை கொடுக்கிற ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? புதிதாக ஒருவரை எடுத்து, பயிற்சி கொடுத்து, அவர் ஊர்க்காரர்களுக்குப் பழகுவதற்குள் ஒரு சுற்று அளவீடு முழுக்கத் தவறிப்போனது. ஆறாம் மாதப் புண்ணை ஒன்பதாம் மாதத்தில் போய் அளக்க முடியாது. 240 பேரில் 71 பேருடைய தொடர் விவரம் அறுந்துபோய், கடைசியில் கட்டுரை எழுதும்போது முக்கியமான கேள்விக்கே பதில் சொல்ல முடியவில்லை.

ஆய்வக வேலைக்கும் களவேலைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ரத்த மாதிரியை மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைத்துவிட்டால், தவணை மூன்று மாதம் தள்ளிப்போனாலும் அது காத்திருக்கும். மனிதர்கள் காத்திருக்க மாட்டார்கள். பாதியில் நிற்கும் ஃபாலோ-அப்பை மறுபடி தொடங்க வழியில்லை. அதனால் களவேலை செய்கிறவர்கள் நிதி தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது பணியாளர் பட்டியலைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

இந்த இடத்தில்தான் ஐசிஎம்ஆர் எனக்குப் பொருந்தியது. அதன் பணியாளர் பட்டியலே சுகாதாரக் களத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. டிப்ளமா படித்த ஆய்வக உதவியாளர், நர்ஸ், பட்டம் பெற்று அனுபவமுள்ள களப்பணியாளர், மருத்துவம் படித்த ஆய்வு விஞ்ஞானி என்று தனித்தனிப் பதவிகளும், தனித்தனிச் சம்பளமும் இருக்கின்றன. நாங்கள் பட்ஜெட் எழுதியபோது ப்ராஜெக்ட் டெக்னிக்கல் சப்போர்ட் மூன்று என்ற பதவிக்கு மாதம் 28,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப் படி. மூன்று பேரைக் கேட்டோம், மறுக்காமல் தந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் இந்தச் சம்பளத்துக்கு நல்ல ஆள் வருவார், வந்தால் தங்குவார்.

ஏஎன்ஆர்எஃப் திட்டங்களில் வழக்கமாக நடுவில் இருப்பவர் ஜேஆர்எஃப் எனப்படும் இளநிலை ஆய்வாளர். 2023 ஜனவரி முதல் அவருக்கு மாதம் 37,000 ரூபாய். நெட் அல்லது கேட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்று, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய வருகிறவர். பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு அது நல்ல ஏற்பாடு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் வேலை காலை ஆறு மணிக்குச் சூளைக்குப் போய், ஆட்கள் வேலையில் இறங்குவதற்குள் ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரை அட்டையில் எத்தனை மீதி இருக்கிறது என்று எண்ணுவது. இதற்கு நெட் தேர்ச்சி பெற்றவரை எடுத்தால் அவருடைய பிஎச்டியும் வளராது, நம் வேலையும் நடக்காது. களப்பணியாளர் பதவிகளும் அங்கே கேட்கலாம்தான். ஆனாலும் மதிப்பீட்டுக் குழு எதிர்பார்ப்பது பெரும்பாலும் ஒரு புதிய இயங்குமுறை, ஒரு மூலக்கூறு, ஒரு கருவி. மாத்திரை ஏன் பாதியில் நிற்கிறது என்ற கேள்வியை அங்கே அறிவியலாக நிலைநாட்டவே பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருக்கும். ஐசிஎம்ஆரில் அந்த விளக்கம் தேவைப்படவில்லை.

சென்னையில் ஆய்வு செய்கிறவர்களுக்கு இதன் வரலாறு தெரிந்திருக்கும். 1956இல் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தை ஐசிஎம்ஆர், அன்றைய மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான். 193 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதியை சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் இன்னொரு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். வீட்டில் கொடுத்தாலும் குணமாகிறது என்று 1959இல் வந்த முடிவு, உலகமே காசநோயைப் பார்த்த விதத்தை மாற்றியது. அந்த முடிவை நம்ப முடிந்தது ஏன்? முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிய, சிறுநீரைச் சோதித்த களப்பணியாளர்களால்தான். அந்தப் பரம்பரையில் வந்த அமைப்பு களப்பணியாளருக்கு ஒரு பதவியும் சம்பளமும் வைத்திருப்பதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

சரி, ஐசிஎம்ஆரிலும் தவணை தவணையாகத்தானே பணம் வரும்? ஆமாம். அந்தப் பிரச்சினை மூன்றிலும் உண்டு. நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. உங்கள் ஆய்வு ஆண்டு அக்டோபரில் தொடங்கியிருக்கலாம். இரண்டும் ஒத்துப்போகாது. அதோடு அரசின் புதிய முறைகளில் முழுப் பணமும் கல்லூரி வங்கிக் கணக்கில் வந்து படுத்திருப்பதில்லை. பல திட்டங்களில் செலவழிக்கும் வரம்பு மட்டும் தருகிறார்கள், ஆண்டு முடிவில் தொடாத வரம்பு திரும்பிப் போய்விடும். ஆகவே நிதி எங்கிருந்து வந்தாலும் இடைவெளியை நாம்தான் அடைக்க வேண்டும்.

இந்த முறை நாங்கள் செய்தது இது. விண்ணப்பிக்கும் முன்பே கல்லூரி நிர்வாகத்திடம் பேசி, தவணை தாமதமானால் நான்கு மாதச் சம்பளத்தைக் கல்லூரி முன்பணமாகத் தரும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டேன். மூன்று பேருக்கு நான்கு மாதம் என்றால், படி சேர்க்காமல் 3,36,000 ரூபாய். மிகப் பெரிய தொகை அல்ல, ஆனால் வாய்வார்த்தையை நம்பியிருந்தால் அந்த மாதம் வரும்போது யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். கணக்கை ஆண்டு முடிவுக்கு விட்டுவைக்காமல் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி கணக்குப் பிரிவோடு உட்கார்ந்து சரிபார்க்கிறோம். வட்டித் தொகையைக் கணக்கில் தனியாகக் காட்டுகிறோம். ஒவ்வொரு பில்லிலும் பட்ஜெட் தலைப்பைப் பென்சிலில் எழுதி வைக்கிறோம். பயணத்துக்கு ஒதுக்கியதைக் கேட்காமல் கருவிக்குத் திருப்பக் கூடாது என்பதைக் குழுவில் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிவிட்டேன். இதனால் முதல் ஆண்டு யூசி ஏப்ரல் இரண்டாம் வாரமே கையெழுத்தாகிவிட்டது. மூன்று களப்பணியாளர்களும் இன்றுவரை எங்களோடுதான் இருக்கிறார்கள். 600 பேரில் இதுவரை தொடர்பு விட்டுப்போனவர்கள் 38 பேர்.

ஐசிஎம்ஆரில் பிடிக்காதவையும் உண்டு. முன்னுரிமைத் தலைப்புகளுக்குள் நம் கேள்வி வர வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல கேள்வியானாலும் அடுத்த அழைப்புவரை காத்திருக்க வேண்டியதுதான். போட்டியும் கடுமை. சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் அடிப்படை ஆய்வுப் படிப்பை மருத்துவ ஆசிரியர்கள் எல்லோரும் இப்போது முடிக்க வேண்டியிருப்பதால், ஒழுங்காக எழுதப்பட்ட விண்ணப்பங்கள் முன்பைவிட நிறைய வருகின்றன. அது நல்லதுதான். ஆனால் மாதிரி எண்ணிக்கைக் கணக்கில் ஒரு சிறு பிழை இருந்தாலும் இனி தப்பாது.

டிபிடி பற்றி நான் அதிகம் பேச முடியாது, ஏனென்றால் அந்த வழியில் நானே போனதில்லை. உயிர்வேதியியல் துறையில் உள்ள சகப் பேராசிரியர் ஒருவர் போயிருக்கிறார். பல நிறுவனங்கள் சேர்ந்து செய்யும் வேலைக்கும், மரபணு, தடுப்பூசி, நோயறியும் கருவி போன்றவற்றுக்கும் அது பொருத்தம் என்கிறார். அவர் சொன்ன ஒரு விஷயத்தை எல்லோரும் குறித்துக்கொள்ளலாம்: ஆய்வுக் கருவிகளுக்கு இருந்த 5 சதவீத ஜிஎஸ்டி சலுகை 2022 ஜூலையில் போய்விட்டது, அதன் பிறகு பெரும்பாலும் 18 சதவீதம் ஆனது. பழைய விலைப்புள்ளியை வைத்து பட்ஜெட் போட்டால் கருவி வாங்கும்போது லட்சக்கணக்கில் இடிக்கும்.

டிபிடியும் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் இந்தியா அலையன்ஸ் ஃபெலோஷிப்பையும் யோசித்தேன். அது ஆய்வுக்கு என்பதைவிட ஆய்வாளருக்குத் தரும் நிதி. தாராளமானது, நேர்முகமும் ஆழமானது. ஆனால் ஆய்வுக்கென்று வாரத்தில் கணிசமான நேரத்தைக் கல்லூரி விட்டுத்தர வேண்டும். ஆறு பேர் இருக்க வேண்டிய துறையில் நாங்கள் நான்கு பேர். அதைக் கேட்கவே எனக்கு மனம் வரவில்லை. முப்பதுகளில் இருக்கிற, ஆள்பலம் உள்ள துறையில் பணிபுரிகிற மருத்துவர்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

போன மாதம் நுண்ணுயிரியல் துறையில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் ஒருவர் இதே கேள்வியோடு வந்தார். சிறுநீர்த் தொற்றுக் கிருமிகளில் மருந்து எதிர்ப்பு பற்றிய ஆய்வு. மருத்துவமனைக்கு வருகிற மாதிரிகள்தான், வீடு வீடாகப் போக வேண்டியதில்லை. கிருமிகளைச் சேமித்துவைத்து ஆறு மாதம் கழித்துக்கூட மரபணுச் சோதனை செய்யலாம் என்றார். ஐசிஎம்ஆருக்காக மட்டும் காத்திருக்க வேண்டாம் என்றேன். நாற்பதுக்குள் இருப்பதால் ஏஎன்ஆர்எஃபின் இளம் ஆய்வாளர் மானியத்துக்கு எழுதச் சொன்னேன். அதுவரை, சுகாதார ஆராய்ச்சித் துறை பல அரசு மருத்துவக் கல்லூரிகளில் அமைத்திருக்கிற பல்துறை ஆராய்ச்சிப் பிரிவு ஒன்றோடு சேர்ந்து முதல் ஐம்பது மாதிரிகளைச் செய்துபார்க்கச் சொன்னேன். முதல்கட்ட முடிவு கையில் இருந்தால் விண்ணப்பத்துக்கு நல்ல பலம். அடுத்த வாரம் பட்ஜெட் தாளோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பணியாளர் பத்தியைத்தான் முதலில் பார்ப்பேன்.