தோள் வலிக்கு பெப்டைடு ஊசியா? பணம் கட்டும் முன் குப்பியைக் கையில் வாங்கிப் படியுங்கள்

கோவையில் ஒரு வெல்னஸ் கிளினிக்கில் பெப்டைடு ஊசிக்காக 1,10,500 ரூபாய் கட்டினேன். பெப்டைடு என்றால் அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி, புரதத்தின் சின்ன வடிவம். ஐந்தாவது வாரம் வயிற்றில் சீழ்க்கட்டி வந்து கீறி எடுக்க வேண்டியதாயிற்று. தோள் வலி இருந்தபடியே இருந்தது. மூட்டு வலி, தோள் வலி என்று அலைந்துகொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்துத் தப்பித்தால் போதும் என்றுதான் நடந்ததை எல்லாம் எழுதுகிறேன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. வயது 53. போன வருடம் என் வலது தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போனது. கரும்பலகையில் மேல் வரிக்குக் கை எட்டாது. பின்னல் போட முடியாது. ராத்திரி அந்தப் பக்கம் புரண்டால் அதோடு தூக்கம் போச்சு. எலும்பு டாக்டர் கையைத் தூக்கிப் பார்த்ததுமே ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்றார். 40 வயதுக்கு மேல் பெண்களுக்கு அதிகம் வருமாம், சர்க்கரை இருப்பவர்களுக்கு இன்னும் அதிகமாம். பிசியோதெரபி செய்யுங்கள், ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகலாம், பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். அவர் சொன்னது உண்மை என்று இப்போது தெரிகிறது. வலியோடு இருந்தபோது அந்த ஒன்றரை வருடம் மட்டும்தான் என் காதில் விழுந்தது.

அப்போது போனில் அந்த விளம்பரம் வந்தது. ‘அறுவை சிகிச்சை இல்லாமல் 12 வாரத்தில் மூட்டு, தசைநார் குணமாகும். இளமையும் திரும்பும்.’

போனேன். நல்ல குளிர்சாதன அறை, வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர். நான் அவரை டாக்டர் என்றே நினைத்தேன். எல்லாரும் அவரை ‘சார்’ என்று கூப்பிட்டார்கள், அவரும் தன்னை டாக்டர் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்பதெல்லாம் பிறகு யோசித்தபோதுதான் உறைத்தது. பி.பி.சி-157 என்று ஒரு பெப்டைடு, வயிற்றில் சுரக்கும் நீரிலுள்ள ஒரு புரதத்திலிருந்து எடுத்தது, 15 அமினோ அமிலங்கள் கொண்டது, காயத்தை ஆற்றும் என்று விளக்கினார். அதோடு சி.ஜே.சி-1295, இபாமோரலின் என்று இன்னும் இரண்டு. இவை வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டுமாம், தூக்கமும் தோலும் நன்றாகுமாம்.

எனக்குத் தயக்கம் இருந்தது. அதைக் கவனித்துவிட்டுச் சொன்னார்: “நீங்க கெமிஸ்ட்ரி டீச்சர், உங்களுக்குத் தெரியாததா மேடம்? இன்சுலினும் பெப்டைடுதானே.”

அந்த வார்த்தையில்தான் விழுந்தேன். ப்ளஸ் டூவில் பெப்டைடு பிணைப்பு பாடம் நடத்துபவள் நான். இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர் சொன்னதில் பொய்யே இல்லை. ஆனால் இன்சுலினுக்கு நூறு வருடச் சோதனையும் தயாரிப்பு ஒழுங்கும் இருக்கின்றன. அந்த நம்பிக்கையை எடுத்து வேறொரு குப்பியின் மேல் ஒட்டிவிட்டார் அவர். எலும்பு மெலிந்து எளிதில் உடையும் நோய்க்குத் தருகிற டெரிபாரடைடும் பெப்டைடுதான், முறையாக ஒப்புதல் வாங்கிய மருந்து. பெப்டைடு என்பது ஒரு வேதிப்பொருள் வகையின் பெயர். அந்த வகையில் மருந்தும் இருக்கும், மருந்தாகாததும் இருக்கும். இதை யோசிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது.

பேக்கேஜ் 96,000. ரத்தப் பரிசோதனைக்குத் தனியாக 14,500. பணத்தை ஒரு தனிநபரின் யு.பி.ஐ.க்கு அனுப்பச் சொன்னார்கள். பில்லில் ‘வெல்னஸ் கன்சல்டேஷன்’ என்று ஒரே ஒரு வரி. என் அம்மா மார்பகப் புற்றுநோயில் இறந்தவர். வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் ஊசி போடும்முன் குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. நான்கு பக்கப் படிவத்தில் கையெழுத்து மட்டும் வாங்கினார்கள்.

குப்பிகள் மே மாத வெயிலில் கூரியரில் வந்தன. தெர்மாகோல் பெட்டிக்குள் ஐஸ் பேக் முழுக்க உருகித் தண்ணீராக இருந்தது. போன் செய்தால் “பவுடர்தானே மேடம், ஒண்ணும் ஆகாது” என்றார்கள். வெள்ளைப் பொடி 5 மில்லிகிராம். அதில் 2 மில்லி தண்ணீர் கலந்து, இன்சுலின் சிரிஞ்சில் 10 யூனிட் எடுத்து, தொப்புளுக்குப் பக்கத்தில் தோலைப் பிடித்துக் குத்த வேண்டும். ஒரு வீடியோ அனுப்பினார்கள், அவ்வளவுதான் பயிற்சி. கலந்த குப்பி ஃப்ரிட்ஜில் இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

நான்காவது வாரம் சிரிஞ்ச் தீர்ந்து, தெரு முனை மெடிக்கலுக்குப் போனேன். கடைக்காரர் மகள் என் மாணவி. “யாருக்கு டீச்சர் இன்சுலின்?” என்று கடைக்காரர் அக்கறையாகக் கேட்டார். சொன்னேன். குப்பியைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். மறுநாள் கொடுத்ததும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல தயாரிச்சவன் பேரே இல்லையே டீச்சர். லைசென்ஸ் நம்பர் இல்ல, பேட்ச் நம்பர் இல்ல, எக்ஸ்பயரி இல்ல. வெளிநாட்டுச் சரக்குன்னா இம்போர்ட் லைசென்ஸ் நம்பராவது இருக்கணும்.” லேபிளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. ‘ஃபார் ரிசர்ச் யூஸ் ஒன்லி. நாட் ஃபார் ஹ்யூமன் கன்சம்ப்ஷன்.’ ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர் பயன்பாட்டுக்கு அல்ல.

அதை நான் அதுவரை படிக்கவே இல்லை. ஆய்வகத்தில் ஒவ்வொரு பாட்டிலின் லேபிளையும் படித்துவிட்டுத் திற என்று பிள்ளைகளைக் கண்டிப்பவள் நான்.

கிளினிக்கில் கேட்டேன். “அது சட்டத்துக்காகப் போடுறது மேடம், எல்லா நாட்டிலயும் அப்படித்தான்.” அந்த வாரமே குத்திய இடம் சிவந்து, கல் மாதிரி கெட்டியாகி, காய்ச்சல் வந்தது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால், உடம்பு குணமாகிறதற்கான அறிகுறி, தொடருங்கள் என்று பதில். இதை மறக்க மாட்டேன். காய்ச்சலோடு இருக்கிற ஒருவரைத் தொடர்ந்து குத்தச் சொன்னார்கள். என் கணவர்தான் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சீழைக் கீறி எடுத்தார்கள், பத்து நாள் ஆன்டிபயாடிக். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (ஹெச்.பி.ஏ1சி) 6.1-லிருந்து 6.7 ஆகியிருந்தது. வளர்ச்சி ஹார்மோன் கூடினால் சர்க்கரை ஏறும், ஆனால் இதனால்தான் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது, குப்பிக்குள் என்ன இருந்தது என்றே நமக்குத் தெரியாதே என்றார் டாக்டர்.

படுத்திருந்த நாட்களில்தான் படிக்க வேண்டியதைப் படித்தேன். பி.பி.சி-157 பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகளிடம் செய்தவை, அதிலும் பல குரோஷியாவின் ஜாக்ரெப் நகரத்து ஒரே குழுவிடமிருந்து வந்தவை. மனிதர்களிடம் நடந்தவை மிகச் சில, மிகச் சிறியவை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2022-ல் அதை விளையாட்டு வீரர்களுக்குத் தடை செய்தது, எந்த நாடும் மருந்தாக ஏற்காத பொருட்களின் வரிசையில் வைத்து. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023-ல் பாதுகாப்புக் கவலை உள்ள பொருட்களோடு அதைச் சேர்த்தது. கலப்படமும், உடம்பு அதை எதிர்த்து வினைபுரிவதும் அந்தக் கவலைகளில் அடக்கம்.

இன்சுலினின் கதையையும் மறுபடி படித்தேன். 1922 ஜனவரி 11, டொரன்டோவில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுப் பையனுக்குப் போட்ட முதல் ஊசி பலிக்கவில்லை. சாறு சுத்தமாக இல்லை, குத்திய இடத்தில் அவனுக்கும் கட்டி வந்தது. அதோடு அவர்கள் நிறுத்தினார்கள். ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியலாளர் ராப்பகலாக அதைச் சுத்திகரித்தார். ஜனவரி 23-ல் மறுபடி போட்டபோது பையனின் சர்க்கரை இறங்கியது. கட்டி வந்ததும் நிறுத்தினார்களே, அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, நீங்களே வீட்டில் போட்டுக்கொண்டீர்கள், சுத்தம் உங்கள் பொறுப்பு என்றார்கள். நான் கையெழுத்திட்ட படிவத்தின் மூன்றாம் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார்கள். ‘இப்பொருளை என் சொந்த ஆராய்ச்சிக்காக வாங்குகிறேன்’ என்று அதில் இருக்கிறது.

போகத்தான் போகிறேன் என்பவர்களுக்கும் சொல்கிறேன். பணம் கட்டும் முன் குப்பியைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் தெரு மெடிக்கல்காரரிடம் அதன் படத்தையாவது காட்டுங்கள். ஊசி எழுதித் தருபவரின் மருத்துவப் பதிவு எண்ணைக் கேளுங்கள். மருந்தின் பெயரும் பேட்ச் நம்பரும் போட்ட பில் தர மாட்டோம் என்றால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்கள், குத்திய இடத்தில் வீக்கமோ காய்ச்சலோ வந்தால் அவர்கள் வாட்ஸ்அப்புக்குக் காத்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதியிருக்கிறேன். பக்கவிளைவைப் பதிவு செய்ய 1800-180-3024, நுகர்வோர் உதவிக்கு 1915, இரண்டும் கட்டணமில்லா எண்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் தர வேண்டும். நாம் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. என் மனு போயிருக்கிறது, இன்னும் விசாரணைக்கு வரவில்லை.

பிசியோதெரபிக்கு ஏழு மாதமாகப் போகிறேன். கை இப்போது கரும்பலகையின் மூன்றாவது வரிவரை எட்டுகிறது. மிச்சமிருந்த இரண்டு குப்பிகளைக் கூரியர் பெட்டியோடு சாட்சிக்காக வைத்திருக்கிறேன். இதே மாதிரி குப்பி யார் வீட்டிலாவது இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். லேபிள், பில், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.